தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி

டாக்டரிடம் அழுதுவிட்டு வருகிறவர்கள், சண்டையை மட்டும் பில் கவுன்ட்டருக்கென்று பத்திரமாக எடுத்து வருவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காசு வாங்கும் என் சக பாவிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் கலா. கோவிலம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மேற்கு தாம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்கு வேலைக்கு வருகிறேன். டாக்டர் அம்மா, ஊசி போடும் ஸ்டெல்லா சிஸ்டர், பில் போடும் நான். எதிரே ஹாலில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் உட்காருகிறவர்களுக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் என்ன வியாதிக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டாலே பாதி குணம் ஆகிவிடும்.

எனக்கு ஓர் இடத்தில் சும்மா உட்கார வராது. மேஜைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஊசி வந்த பிறகு இன்னும் அதிகமாக ஆடுகிறது. எச்.ஐ.வி. இல்லாதவர்கள், அது வராமல் இருப்பதற்காக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளும் ஊசி அது. வந்துவிட்டவர்களுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். வராமல் தடுக்கும் ஊசிக்கு எங்கள் கிளினிக்கில் சொந்தக் கைக்காசுதான் கட்ட வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சக் காசு இல்லை. அதனால் நாங்கள் வாங்கி வைப்பதில்லை. முழுப் பணம் கட்டினால்தான் ஆர்டர் போடுவோம். அந்தப் பணத்தை வாங்கும் பாக்கியம் என்னுடையது.

பெட்டி வாயைத் திறந்தது

எங்களிடம் இந்த ஊசிக்கு முதலில் பணம் கட்டியவரின் பெயர் பிரகாஷ் என்று வைத்துக்கொள்வோம். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் லேபில் வேலை, வண்டலூரில் அப்பா அம்மாவோடு வீடு. எதற்காக ஊசி என்று நான் கேட்கவில்லை, அது பில் கவுன்ட்டரின் வேலை இல்லை. ஏன் மாத்திரை வேண்டாம் என்பதை மட்டும் அவராகவே சொன்னார். தினமும் சாப்பிடுகிற மாத்திரையும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அவருடைய அம்மா மகனின் பை, பீரோ, பேன்ட் பாக்கெட் எல்லாவற்றையும் தினம் ஒரு தடவை துழாவிப் பார்ப்பவர். எல்லாம் பாசத்தில்தான். அந்த வீட்டில் ஒரு மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்க இடமே கிடையாதாம்.

கவுன்ட்டரில் ஒட்டிய அட்டையில் இருக்கும் கியூ.ஆர். கோடை போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பினார். என் மேஜைமேல் ஒரு பெட்டி இருக்கிறது. காசு வந்ததும் எவ்வளவு வந்தது என்று சத்தமாகச் சொல்லும், மளிகைக் கடை, டீக்கடை எல்லாவற்றிலும் கேட்டிருப்பீர்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் கட்டுகிற தொகைகளைச் சொல்லியே பழகிய அந்தப் பெட்டி, அன்றைக்கு ஒரு பெரிய தொகையை மூலை முடுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கணீரென்று அறிவித்தது. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எனக்கும் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஹாலே திரும்பிப் பார்த்தது. முன் வரிசையில் கஸ்தூரி அக்கா. விடிவதற்கு முன்னால் ஏலத்தில் மீன் எடுத்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவர், சுகருக்காக எங்களிடம் வருபவர். அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது.

"இன்னா கண்ணு, கல்யாண மண்டபத்துக்கா அட்வான்சு கட்ற?"

அப்புறம் கூப்பிடுங்கள்

பிரகாஷிடம் காலேஜில் கொடுத்த இன்ஷூரன்ஸ் அட்டை ஒன்று இருந்தது. "கேட்டுப் பாருங்கக்கா" என்றார். நானும் அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு போன் போட்டேன். இசையைக் கேட்க வைத்தார்கள், ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், மூன்றை அழுத்தச் சொன்னார்கள், மறுபடி இசை. அதற்குள் நான் இரண்டு பேருக்கு பில் போட்டு, ஒருவரோடு சில்லறைத் தகராறும் முடித்திருந்தேன். கடைசியில் ஒரு பையன் எடுத்தான். குரலில் அவ்வளவு மரியாதை.

பேஷன்ட்டுக்கு என்ன நோய் என்று கேட்டான். ஒன்றும் இல்லை, வராமல் இருக்க ஊசி என்றேன். நோயின் பெயரைச் சொல்லுங்கள் என்றான். நோயே இல்லை தம்பி என்றேன். அப்படியென்றால் அவனுடைய கம்ப்யூட்டரில் அடுத்த பக்கத்துக்கே போகாதாம். வந்துவிட்டால் உங்களுக்குச் செலவு இல்லையா, இது வராமல் தடுப்பதுதானே, ஒரு மனிதன் நன்றாக இருப்பதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம்கூடக் கிடையாதா என்று நான் பொரிந்து தள்ளினேன். எதிரே பிரகாஷ் ஹெல்மெட் வாரைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு நல்லது சொல்வதாக நினைத்தே சொன்னான்.

"கவலைப்படாதீங்க மேடம். அவருக்கு அது வந்ததும் கூப்பிடுங்க, கண்டிப்பா பார்க்கலாம்."

கடித்த நாய்

இன்னொருவர் பெரிய கம்பெனியில் மேனேஜர், காரில் வருவார். அவருக்கு ஆபீசில் மருத்துவச் செலவைத் திருப்பித் தருவார்கள், ஆனால் பில்லில் இந்த ஊசியின் பெயர் வரக்கூடாது. பல்வலி என்று போடச் சொன்னார். இங்கே பல் டாக்டரே இல்லையே சார் என்றேன். அப்படியென்றால் நாய்க்கடி என்று போடுங்கள், இந்தப் பக்கம் நாய்க்கா பஞ்சம் என்றார். பொய் பில் போட முடியாது என்று நான் இங்கிலீஷிலும் தமிழிலும் சொல்லிப் பார்த்தேன், அவர் விடவில்லை. ஊசித் தட்டோடு அந்தப் பக்கம் போன ஸ்டெல்லா சிஸ்டர் நின்று கேட்டார்.

"ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கரெக்டா வந்து கடிக்கிற நாயை எங்க சார் பிடிப்பீங்க?"

நான்காக உடைத்தேன்

அடுத்த ஊசிக்குப் பணம் கட்ட வந்தபோது பிரகாஷ் ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றார். ஹால் காலியாகட்டும் என்று பார்த்தாராம். மேற்கு தாம்பரத்தில் ஒரு கிளினிக் காலியாவதற்கு ஊரே குணமாக வேண்டும். பெட்டியை அணைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அணைக்கக் கூடாது. கணக்கு பார்ப்பவர் டாக்டர் அம்மாவின் வீட்டுக்காரர். யாரோ ஒருவன் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பணம் கட்டியதாக ஏமாற்றிவிட்டுப் போனதிலிருந்து, பெட்டி வாயால் சொன்னால்தான் பணம் வந்தது என்பது அவர் போட்ட சட்டம். ரொக்கமாகக் கட்டலாமே என்றால், பிரகாஷின் சம்பளம் பேங்கில் விழுகிறது. அவ்வளவு பணத்தை ஏ.டி.எம்.மில் எடுத்துப் பையில் வைத்தால் அம்மா கையில் அது சிக்கிவிடும்.

அதனால் ஒரு யோசனை செய்தேன். தொகையை நான்காக உடைத்து, எக்ஸ்ரே, ஸ்கேன், பிளட் டெஸ்ட் மாதிரித் தெரிகிற தொகைகளாக அனுப்பச் சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெட்டி ஒன்று சொன்னது, இரண்டு சொன்னது, மூன்று சொன்னது. மூன்றாவதிலேயே ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. நான்காவதுக்கு, ரயில்வேயில் ரிடயர் ஆன சேகர் சார் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா இது, ஆளுக்கு ஆள் டிக்கெட் எடுக்கிறியே, பின்னாடி ஷேர் ஆட்டோ ஏதாவது நிக்குதா?"

பெட்டிக்கு மொழி மாற்றிய கதை

பெட்டிக்குப் பல மொழி தெரியும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உடனே கை பரபரத்தது. முதலில் தெலுங்கு. ஹாலில் பாதிப் பேர் வீட்டில் பேசுவதே அதுதான். இந்தி வைத்தேன். ரயில்வே காலனிக்காரர்களும் ஏர்ஃபோர்ஸ்காரர்களும் வருகிற ஊரில் அது எடுபடவில்லை. கன்னடத்தில் எண்கள் எல்லாம் நம்முடையவை மாதிரியே இருந்து தொலைத்தன. கடைசியில் பெங்காலி வைத்தேன். இரண்டு நாள் அமைதி. பெட்டி என்னவோ பாட்டுப் பாடுகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பிரகாஷ் மூன்றாவது ஊசிக்கு வந்தபோது நான் கண்ணாடி வழியாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

அவர் அனுப்பினார், பெட்டி பெங்காலியில் அறிவித்தது. ஒருவரும் திரும்பவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்போது காய்ச்சலுக்கு வந்திருந்த ஒரு கொத்தனார், மேம்பால வேலைக்காகக் கொல்கத்தா பக்கத்திலிருந்து வந்தவர், எனக்குப் புரியவில்லையோ என்று கவலைப்பட்டு எழுந்து வந்தார். வந்த தொகையை நல்ல தமிழில், ஹாலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ஒரு ரூபாய் பிசகாமல் சொன்னார். பிரகாஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொத்தனார் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும் அக்கா. நம்பர் மட்டும் தப்பே வராது."

ஏலத்தில் பழகிய காது

பெட்டி மறுபடியும் தமிழுக்கே வந்தது. நான்காவது ஊசி. பணம் கட்டியாயிற்று, பெட்டி சொல்லியாயிற்று. அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் முன் வரிசையில் கஸ்தூரி அக்கா இருந்தார். இந்த முறை கிண்டல் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரிதான் சொன்னார், ஆனால் மார்க்கெட்டில் கூவிக் கூவிப் பழகிய தொண்டை அவருடையது. பேச்சு அடங்கிப்போன ஹாலில் எல்லோருடைய கண்ணும் பிரகாஷ் மேல் இருந்தது. அவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஹாலுக்குள்ளேயே ஹெல்மெட் மாட்டிக்கொண்ட மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கஸ்தூரி அக்கா சொன்னது இதுதான்:

"அந்த எச்.ஐ.வி. ஊசிக்கி ரேட்டு எறங்கவே இல்லியே!"

மெல்லப் பேசிய கஸ்தூரி

ஊசி வந்து சேர்ந்தது. ஊசி போட வேண்டிய தேதியும் வந்தது. பிரகாஷ் வரவில்லை. தேதி தாண்டி ஒரு வாரம் வரை போடலாம், அதற்கு மேல் தள்ளினால் உடம்பில் பாதுகாப்பு குறைந்துவிடும், அதுவரை தினம் மாத்திரைதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னார். மாத்திரையை வைக்கத்தானே அவருக்கு வீட்டில் இடம் இல்லை? போன் அடித்தால் எடுக்கவில்லை. மெசேஜில் விஷயத்தை எழுத முடியாது, அதையும் அம்மா படிப்பார். அலமாரியில் அவர் பெயர் ஒட்டிய அந்தச் சின்ன அட்டைப் பெட்டியை நான் வரும்போதும் போகும்போதும் திறந்து பார்த்தேன். இத்தனைக்கும் பணம் கட்டி வாங்கிய மருந்து. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில் இருக்கும்போதுதான் கஸ்தூரி அக்கா கவுன்ட்டருக்கு வந்தார். கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து ஏதோ கேட்டார், எனக்குக் காதில் விழவில்லை. கஸ்தூரி அக்கா பேசி எனக்குக் காதில் விழாதது அதுதான் முதல் தடவை. "உங்க வாயாலதான் ஒரு மனுஷன் ஊசிக்கே வரல" என்று நான் வெடித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மருமகனுக்குப் போன மாதம் எச்.ஐ.வி. என்று தெரிந்ததாம். மகளுக்கு இல்லை. மகள் புருஷனை விட்டு வரமாட்டேன் என்கிறாள். மருமகனுக்கு மருந்து வேலை செய்து உடம்பில் கிருமி அடங்குகிற வரைக்கும் மகளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி, டாக்டர் அம்மா மாத்திரையையும் ஊசியையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டில் மாத்திரை டப்பா வைத்தால் கேள்வி வரும் என்று இவர்களும் ஊசிக்கே வந்திருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் இது பெட்டி சொல்கிற ரேட்டாயிற்றே என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து, விலை இறங்கியிருக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வம்புக்கு ஒட்டுக்கேட்கிறார் என்று இத்தனை நாள் நினைத்தேனே.

"ஏலத்துல கூவுற ரேட்டு காதுல வுழுந்தா எனக்கு மறக்காதுடி. அந்தப் புள்ள மூஞ்சி அதவிட மறக்க மாட்டேங்குது."

வண்டலூர் பார்சல்

வாரம் முடியப் போகிறது. மறுபடி பிரகாஷின் நம்பருக்கு அடித்தேன். எடுத்தார்கள். ஆனால் அவருடைய அம்மா. மகன் போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறானாம். "யாரும்மா பேசறது?" என்றார். கிளினிக் என்று சொல்லக் கூடாது, ஊசி என்று சொல்லக் கூடாது. "தாம்பரத்துலேர்ந்தும்மா. அவர் பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பணம் கட்டியாயிற்றா என்று கேட்டார். கட்டிவிட்டார் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். பெட்டி சொல்கிற வேலையை நான் செய்ய மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தெரியாதும்மா என்றேன். கெட்டுப்போகிற சாமானா என்று கேட்டார். சீக்கிரம் வாங்கிக்கொண்டால் நல்லது என்றேன்.

"அப்போ வீட்டுக்கே குடுத்தனுப்பிடும்மா. ஸ்வீட்டா இருந்தா மட்டும் இப்பவே சொல்லிடு, அவங்கப்பாவுக்கு சுகர்."

எனக்குத்தான்

அடுத்த நாள் கதவைத் திறந்து கொஞ்ச நேரத்தில் பிரகாஷ் வந்துவிட்டார். பார்சல் வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயத்தில் தூங்கவே இல்லை போலிருக்கிறது. ஆனால் வாசற்படியில் நின்றுவிட்டார். ஹால் நிறைய ஆட்கள், முன் வரிசையில் அதே சேகர் சார், கவுன்ட்டரில் கஸ்தூரி அக்கா. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டால் எல்லோரும் திரும்புவார்கள். மேஜைக்குக் கீழே என் கால் ஆடிய ஆட்டத்தில் பேனா ஸ்டாண்டே நடுங்கியது.

கஸ்தூரி அக்கா மகளின் ஊசிக்குப் பணம் கட்ட வந்திருந்தார். மகளைக் காட்டியாயிற்று, டெஸ்டும் நல்லபடியாக வந்தாயிற்று. ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டை ஏற்கெனவே கண்ணாடி ஓட்டையில் வைத்துவிட்டார், நான் எண்ண வேண்டியதுதான் பாக்கி. என் பார்வை போன பக்கம் அவரும் திரும்பினார். ஹெல்மெட்டைப் பார்த்தார். ஒரு நொடிதான். நோட்டுக் கட்டை வெடுக்கென்று எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, "அந்த ஸ்கேன் பண்ற அட்டைய இப்டி தள்ளு" என்றார். மார்க்கெட்டில் அவருக்கும் ஒரு பெட்டி உண்டு, மீன் விற்ற காசெல்லாம் அதில்தான் வருகிறது. போனை எடுத்து அழுத்தினார்.

பெட்டி அலறியது. அதே தொகை. ஹால் அடங்கிவிட்டது. போன தடவை கேட்டவர்கள் எல்லோருக்கும் இப்போது அந்தத் தொகை எதற்கென்று தெரியும். சேகர் சாரால் சும்மா இருக்க முடியவில்லை. "என்ன கஸ்தூரி, அந்த ஊசியா? யாருக்கு?" என்றார். மகளுக்கு என்றால் சாயந்திரத்துக்குள் விஷயம் மார்க்கெட்டுக்குப் போய்விடும். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லோரும் யோசிப்பார்கள், யோசித்தால் வாசலில் நிற்கிறவரைத்தான் பார்ப்பார்கள். கஸ்தூரி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹாலைப் பார்த்துத் திரும்பினார். "எனக்குத்தான்யா! ஏன், எனக்கெல்லாம் போடக்கூடாதுன்னு எதுனா போர்டு மாட்டிக்கீதா?" என்று ஒரு போடு போட்டார். சேகர் சார் பேப்பரை விரித்து முகத்தை உள்ளே விட்டுக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது. ஒருவரும் வாசல் பக்கம் பார்க்கவில்லை. ஐம்பது வயது மீன்காரம்மாவைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

பிரகாஷ் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஸ்டெல்லா சிஸ்டர் பெயரைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து அந்த அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே போடுகிற ஊசி அது, கொஞ்சம் வலிக்கும். டெஸ்ட் எல்லாம் முடிந்து, சற்றே நொண்டிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது கஸ்தூரி அக்கா நகராமல் முன் வரிசையில்தான் இருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். பிரகாஷ் அங்கே உட்கார்ந்தார். பிறகு கஸ்தூரி அக்கா, தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாக, அதாவது ஹாலுக்கே கேட்கும்படி கேட்டார்.

"இன்னாபா, ரொம்ப வலிக்குதா? எனக்குப் போடறதுக்கு முன்னாடியே சொல்லிடு, நான் ஓடிப்போயிடறேன்."

ஆகவே, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, ஒரு ரகசியத்தைக் காப்பாற்றப் பெட்டிக்கு நாலு மொழி மாற்றிப் பார்த்து அலுத்துப்போனவள் என்ற முறையில் சொல்கிறேன்: அதைவிட, ஊருக்கே கேட்கிற மாதிரி பொய் சொல்லத் தெரிந்த ஒரு மீன்காரம்மாவை முன் வரிசையில் உட்கார வைத்துக்கொள்வது மலிவு.